கடலோர கேட்டுக்கு ஆன்லைனில் வயர் ரோப் வாங்குகிறவர்களுக்கு: எனக்கு 11,800 ரூபாய் போச்சு

மண்டபம், பாம்பன், உச்சிப்புளி பக்கம் கேட்டுக்கு மோட்டார் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எங்கள் வீடு மண்டபத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரம். 12 அடி இரும்பு ஸ்லைடிங் கேட். மோட்டாரின் பல்சக்கரம் கடித்து ஓட்டுகிற பல் பட்டை வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் மணல். காற்றடித்தால் பல்லுக்குள் ஏறி அரைத்துவிடும். பட்டறையில் அடித்த கேட் நூல் பிடித்த மாதிரி ஓடவும் ஓடாது. கேபிள், அதாவது வயர் ரோப், இழுத்தால் அந்த ஆட்டத்தைத் தாங்கும். 6 மில்லி ரோப் சுற்றுவதற்கு 150 மில்லி டிரம் கடைந்தேன். டிரம் சிறுத்தால் ரோப் மடங்கி மடங்கியே அறுந்துவிடும். ஒரு ரோப் சுற்ற இன்னொன்று அவிழும், தொய்வுக்கு ஒரு ஸ்பிரிங். அந்த டிசைனில் குறையில்லை, இப்போதும் சொல்வேன்.

ரோப், புல்லி, ரோப்பை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள், கிளாம்ப் எல்லாம் சேர்த்து 'கடலோர செட்' என்று ஓர் ஆன்லைன் விற்பனைத் தளத்தில் இருந்தது. 11,800 ரூபாய். நம்பாமல் போன் போட்டேன். "அண்ணே, ராமேஸ்வரத்துக்கே நாங்கதான் அனுப்புறோம். 316 கிரேடு, உப்புக்காத்துக்குன்னே செஞ்சது. கண்ணை மூடிக்கிட்டு போடுங்க" என்றான் அந்தத் தம்பி. 316 என்றால் உப்பைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை. குரலில் அவ்வளவு பொறுப்பு. போனை வைத்த கையோடு பணம் கட்டினேன்.

வாடை தொடங்குமுன்னே ரோப் அறுந்தது. கேட் பாதி மூடும்போது டப்பென்று விட்டு, சரிவில் தானாக ஓடி ஸ்டாப்பரில் மோதி நின்றது. பக்கத்து வீட்டுப் பையன் அப்போதுதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போயிருந்தான். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அறுந்த முனையைப் பிரித்துப் பார்த்தேன். மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை, உள்ளே செம்மண் மாதிரி துருப்பொடி கொட்டுகிறது. காந்தம் வைத்தேன், கவ்விப் பிடித்துக்கொண்டது. வெறும் ஜிஐ கம்பி, துத்தநாகம் பூசிய சாதா இரும்பு!

போன் செய்தால், "ரிட்டர்ன் காலம் முடிஞ்சிருச்சு சார்." அப்புறம், "டென்ஷன் அதிகமா வச்சிருப்பீங்க." போட்டோ அனுப்பிய பிறகு வந்த பதில்தான் நெஞ்சை எரிக்கிறது: "கடலோரத்துல துருப்பிடிக்கத்தான் சார் செய்யும்." கடலோர செட் என்று சொல்லி 11,800 ரூபாய் வாங்கியவன் சொல்கிற பேச்சா இது? தளத்தின் சேவைப் பிரிவோ, விற்பனையாளரைக் கேளுங்கள் என்று கைகழுவிவிட்டது. துருவை ஆராய்வதற்கென்றே காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) நிலையம் வைத்திருக்கிற ஊர் இது. இங்கே ஜிஐ என்ன ஆகும் என்று விற்கிறவனுக்குத் தெரியாதா?

என்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. உறை போட்ட ரோப் வேண்டாம், உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியே தெரியாது. காந்தம் லேசாக இழுத்தால் பயமில்லை, கவ்வினால் திருப்பி அனுப்புங்கள். 304 என்கிற சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் 316-ஐயும் காந்தம் பிரித்துக் காட்டாது, அதனால் பில்லில் கிரேடை எழுதி வாங்குங்கள். போனில் சொன்னது எதுவும் செல்லாது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 11,800 ரூபாயில் ஒரு பைசா இன்னும் வரவில்லை.