வீட்டிலேயே கியர் ஆயில் மாற்றி இரண்டு மழைக்காலம்: என் அனுபவம்

இன்ஜின் ஆயிலைக் குறித்த நாளில் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட கியர் ஆயிலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. "அது ஆயுசுக்கும் அப்படியே இருக்கும் சார்" என்று எனக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். மேட்டுப்பாங்கான ஊரில், காலியான ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது ஓரளவு பொருந்தலாம். வடசென்னையில், திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் கார் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது. நம் பக்கம் கியர் பாக்ஸுக்கு இரண்டு எதிரிகள்: துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை, வருஷா வருஷம் தெருவில் நிற்கும் தண்ணீர்.

என்னுடையது 2014 கிராண்ட் ஐ10, பெட்ரோல், ஐந்து கியர். காலடிப்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். காசிமேடு, ராயபுரம் வழியாகப் போனாலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போனாலும் பாதி தூரம் ஃபர்ஸ்ட், செகண்ட், மறுபடி ஃபர்ஸ்ட்தான். மூன்றாவது கியருக்கே யோகம் வேண்டும். அப்படி ஊரும்போது செகண்ட் கியரின் சின்க்ரோ ரிங்தான் எல்லா அடியையும் வாங்குகிறது. சுழலும் வேகத்தைச் சமப்படுத்தி கியரைச் சத்தமில்லாமல் விழ வைக்கிற வளையம் அது. பெரும்பாலும் பித்தளை.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில், ஓடிச் சூடான வண்டியைத் தெருத்தண்ணீருக்குள் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்த வேண்டியதாயிற்று. விடிய விடிய தண்ணீர் பம்பருக்கு மேல் நின்றது. வடிந்த பிறகு இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் எல்லாம் ஒர்க்‌ஷாப்பில் பார்த்தார்கள். கியர் பாக்ஸை யாரும் தொடவில்லை. சில வாரங்களில் காலை நேரத்தில் செகண்ட் கியர் கனமாக விழ ஆரம்பித்தது. பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது "கர்ர்" என்று ஒரு உரசல்.

பக்கத்துத் தெருவில் ஒரு தம்பி மணலியில் லாரி மெக்கானிக். சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணே, மொதல்ல ஃபில்லர் போல்ட்ட கழட்டி வெரலு வுட்டுப் பாருண்ணே" என்றார். கியர் பாக்ஸில் ஆயில் ஊற்றும் துளையை மூடியிருக்கும் போல்ட் அது. விட்டுப் பார்த்தோம். விரலில் வந்தது ஆயில் நிறத்தில் இல்லை. பால் காபி நிறம், கொழகொழவென்று. "தண்ணி பூந்துக்கீதுண்ணே" என்றார்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கியர் பாக்ஸின் மேல்பக்கம் ஒரு சின்ன மூச்சுக்குழல் உண்டு. சூட்டில் உள்ளே விரியும் காற்று வெளியேற அதுதான் வழி. சூடான பெட்டி திடீரென்று தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அப்போது அந்தக் குழல் வழியாகவும், வயதான ஆக்ஸில் சீல் (சக்கரத்துக்குப் போகும் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் அடைப்பு) வழியாகவும் வெளியே இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன தண்ணீர் ஆயிலோடு அடித்துக் கலந்து பாலாகிவிடும். அதற்குப் பிறகு பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நிற்க வேண்டிய எண்ணெய்ப் படலம் நிற்காது, பேரிங்கில் துரு ஏறும். ஆகவே இதை வண்டியின் குறை என்று சொல்ல மாட்டேன். எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் அந்தத் தண்ணீரில் இதுதான் கதி.

ஆயில் வாங்குவதில் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். வண்டியோடு வரும் புத்தகத்தில் எனக்கு 75டபிள்யூ-85, ஜிஎல்-4 என்று போட்டிருந்தது. முன்னது ஆயிலின் கெட்டித்தன்மை, பின்னது அதன் தர வகை. கடையில் எடுத்துக் கொடுத்தது 90 நம்பர் ஜிஎல்-5. "இது அதவிட ஒசத்தி சார்" என்றார்கள். எண் பெரிதாக இருப்பதால் ஒசத்தி ஆகிவிடாது. லாரி, ஜீப் வகையறாவின் பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன் கியருக்காக, அழுத்தம் தாங்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம் போட்டுச் செய்வது ஜிஎல்-5. அந்தச் சேர்மானத்தில் சில வகைகள் பித்தளையை அரிக்கும். அதோடு, சின்க்ரோ ரிங் வேலை செய்யக் கொஞ்சம் பிடிமானம் வேண்டும். வழுக்கல் அதிகமானால் ரிங் பிடிக்காது, கியர் கத்தும். நான் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கி ஜிஎல்-4 வாங்கினேன். பெட்டிக்குள் போவது இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் புகுந்த பெட்டி என்பதால் ஒரு முறை ஊற்றிக் கழுவுவதற்கும் சேர்த்து நான்கு லிட்டர் எடுத்தேன்.

வேலையில் மறக்கக் கூடாத ஒரே விதி: முதலில் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றுங்கள். அது கழன்ற பிறகுதான் கீழே ஆயிலை இறக்கும் டிரெய்ன் போல்ட்டில் கை வைக்க வேண்டும். பழைய ஆயிலை இறக்கிவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று தெரிந்தால், காலிப் பெட்டியோடு வண்டி வீட்டிலேயே நிற்கும். உப்புக்காற்று அடிக்கும் நம் பக்கத்தில் அந்த போல்ட் சுலபமாக அசையாது. முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து விட்டு, மறுநாள் சரியான அளவு சாக்கெட்டில் நீளமான கைப்பிடி போட்டால் வந்துவிடும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். போல்ட்டின் முனை மழுங்கிவிடும்.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. டிரெய்ன் போல்ட் கழன்றதும் முதலில் ஒரு மடக்கு கலங்கல் தண்ணீர் தனியாக வந்தது, பின்னால் காபி நிற ஆயில் குபுகுபுவென்று. போல்ட்டின் நுனியில் ஒரு காந்தம் இருக்கிறது. அதில் கரும்சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பசை ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் நைசாக இருக்க வேண்டும். அது வழக்கமான தேய்மானம். நெருடினால், ஊசி போலவோ செதில் போலவோ துண்டு தெரிந்தால், பெட்டியையே இறக்கிப் பார்க்க வேண்டிய நேரம். எனக்கு நைசாகத்தான் இருந்தது. அந்த நிமிஷம் மனசு எவ்வளவு லேசானது என்று சொல்லி முடியாது.

புது வாஷர் போட்டு கீழ் போல்ட்டை முடுக்கி, ஸ்டாண்டை எடுத்து, வண்டியைச் சமதரையில் இறக்கினேன். முன்பக்கம் தூக்கியபடியே ஊற்றினால் அளவு தப்பாகக் காட்டும். பானெட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு புனல், அதிலிருந்து ஒரு நீளமான டிரான்ஸ்பரன்ட் டியூப், அதன் முனை ஃபில்லர் துளைக்குள். கியர் ஆயில் கெட்டியானது, மெல்லத்தான் இறங்கும். அவசரப்படுத்தினால் வண்டி முழுக்க அபிஷேகம்தான். துளையின் கீழ் விளிம்பு வரை நிறைந்து லேசாக வழிந்தால் அளவு சரி. சில நாள் ஓட்டிவிட்டு அந்த ஆயிலையும் இறக்கினேன். அதிலும் லேசாகப் பால் நிறம் இருந்தது. இரண்டாவதாக ஊற்றியதுதான் இன்றுவரை உள்ளே இருக்கிறது.

பலன்? செகண்ட் கியரின் உரசல் முதல் முறை ஊற்றியபோதே பாதி குறைந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு நின்றுபோனது, இரண்டு மழைக்காலம் தாண்டியும் திரும்பி வரவில்லை. காலையில் விழும் கனம் முழுதாகப் போகவில்லை, முதல் சில கியர் மாற்றங்களில் இன்னும் இருக்கிறது. நான்காவது கியரில் வரும் மெல்லிய ரீங்காரம் அப்படியே இருக்கிறது. அது பேரிங், புது ஆயிலால் போகாது. மைலேஜில் நான் எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை. கிளட்ச் சுகமாகிவிட்டது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை, இந்த ஆயிலுக்கும் கிளட்சுக்கும் சம்பந்தமே கிடையாது.

2024 அக்டோபர் மழையிலும் தெருவில் தண்ணீர் நின்றது. வடிந்ததும் ஃபில்லர் போல்ட்டைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தேன். தேன் நிறம், தெளிவாக இருந்தது. இந்தச் சோதனைக்கு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும். வெள்ளம் பார்த்த எந்த வண்டிக்கும் இதைச் செய்யச் சொல்லி உறவுக்காரர்களை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

இறக்கிய ஆயிலை கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து கால்வாயில் ஊற்றாதீர்கள். அதே மிக்ஜாம் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் பரவியது. படகும் வலையும் கறுத்து, அலையாத்திச் செடிகளில் கரி பூசியது போல ஒட்டி, மீனவர்கள் கையாலும் வாளியாலும் அள்ளினார்கள். அதைப் பார்த்த பிறகு நம் வீட்டு இரண்டு லிட்டரையும் சின்ன விஷயமாக நினைக்க எனக்கு மனசு வரவில்லை.

இந்த ஐப்பசிக்கு முன்னால் ஆக்ஸில் சீல் இரண்டையும் மாற்றப் போகிறேன். சக்கரத்துக்குப் போகும் தண்டை, அதாவது டிரைவ் ஷாஃப்ட்டை, வெளியே எடுக்க வேண்டிய வேலை என்பதால் அந்தத் தம்பியிடமே விடுகிறேன். அதற்கு ஆயிலை எப்படியும் இறக்கித்தான் ஆக வேண்டும். ஜிஎல்-4 இரண்டு லிட்டர் இப்போதே வாங்கி வைத்தாயிற்று.