சிவப்பு ஜின்செங்: மூன்று வருஷம் குடித்தாயிற்று, ஒரு கோபம் மட்டும் தீரவில்லை

"வெள்ளை ஜின்செங் பாதி விலைக்கு வந்திருக்கு ஆச்சி, நீங்க குடிக்கிற சிவப்பும் அதே வேர்தானே, எதை வாங்கட்டும்?" என்று காரைக்குடியில் எதிர்வீட்டுப் பெண் போன வாரம் கேட்டாள்.

ஜின்செங் என்பது கொரியா, சீனா பக்கத்தில் உடம்புத் தெம்புக்குச் சாப்பிடும் மருந்து வேர். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். தோல் சீவி அப்படியே காயவைத்தால் வெள்ளை. தோலோடு 90 முதல் 100 டிகிரி நீராவியில் இரண்டு மூன்று மணி நேரம் அவித்துக் காயவைத்தால் சிவப்பு. நெல் அவித்த வீட்டில் வளர்ந்தவள் நான், பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் உள்ள வித்தியாசம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். ஆனால் ஜின்செங்கில் சத்து இடம் மாறுவதோடு நிற்பதில்லை, பொருளே வேறாகிவிடுகிறது. ஜின்செங்கின் மருந்துச் சத்துகளுக்கு ஜின்செனோசைடு என்று பெயர். அதில் ஆர்பி1 என்ற ஒன்றில் நான்கு சர்க்கரைத் துண்டுகள் ஒட்டியிருக்கும், சூட்டில் இரண்டு கழன்றால் அது ஆர்ஜி3. அதிலிருந்து தண்ணீரும் போனால் ஆர்கே1, ஆர்ஜி5. பச்சை வேரில் இவை இருப்பதே அபூர்வம். ஆய்வுக்கூடத்தில் செல்களிலும் எலிகளிலும் வீக்கத்தையும் கட்டியையும் அடக்குவதாகப் பேசப்படுவது பெரும்பாலும் இந்தச் சூட்டில் பிறந்தவைதான். மனிதர்களிடம் அந்த அளவுக்கு நிரூபணம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் அனுபவம் என்றால், அண்ணன் மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரும் தேன் பதக் கெட்டிச் சாறு, காலையில் வெந்நீரில் ஒரு சின்னக் கரண்டி. மத்தியானத்தில் ஆளை அமுக்கும் அசதி போயே போய்விட்டது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ராத்திரி குடித்தால் எனக்குத் தூக்கம் வராது.

சரி, கோபத்துக்கு வருகிறேன். பாட்டிலில் ஆர்ஜி1 (அதுவும் ஒரு ஜின்செனோசைடுதான்), ஆர்பி1, ஆர்ஜி3 மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டிருக்கிறார்கள். நன்றாக அவிக்க அவிக்க முதல் இரண்டும் குறையும், மூன்றாவது கூடும், அப்படியிருக்க அந்தக் கூட்டுத்தொகையை வைத்து ஒழுங்காக அவித்ததா, சும்மா ஆவி காட்டி எடுத்ததா என்று எப்படித் தெரியும்? ஆர்கே1, ஆர்ஜி5 கணக்கிலேயே வரவில்லை. நான் கூடுதல் காசு கொடுப்பதே அந்த அவியலுக்குத்தான்! கடைசியாக வந்த பாட்டில் நிறம் வெளுத்து, கசப்பும் வேறு மாதிரி இருந்தது. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன், மொத்த அளவு சரியாக இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

வெள்ளையும் மட்டமில்லை, ஆர்பி1-ஐ நம் குடல் கிருமிகளே உடைத்து வேறொன்றாக்கிக்கொள்ளும், ஆனால் எல்லார் குடலும் ஒரே மாதிரி செய்யாது. கடையில் இந்திய ஜின்செங் என்று எடுத்துக் கொடுத்தால் அது அமுக்கரா, வேறு செடி. அதையும் சித்த வைத்தியத்தில் பால் ஆவியில் பிட்டவியலாக அவித்துத்தான் சுத்தி செய்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் அப்பச்சி ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ஜின்செங் அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடலாம், டாக்டரைக் கேட்காமல் அவருக்கு ஒரு சொட்டும் கொடுக்காதே என்று முதலில் அதைத்தான் சொன்னேன். அப்புறம், இரண்டையுமே வாங்காதே என்றும் சொல்லிவிட்டேன். என் அசதியைத் தீர்த்த சாமான்தான், இருந்தாலும் மனது ஆறவில்லை. அடுத்த மாதம் வரும் அண்ணன் மகனிடமும், அந்த மூன்று சத்தின் அளவையும் தனித்தனியாக அச்சடித்த பாட்டில் கிடைத்தால் கொண்டு வா, இல்லையென்றால் வேண்டாம் என்று போனிலேயே சொல்லியாயிற்று.