மேடையா, மட்டையா?

கடலூரைச் சுற்றியுள்ள பல கிராமங்களில் ஊர்த்தெரு ஒருபுறம், தலித் மக்கள் வாழும் காலனி ஒருபுறம். நடுவே ஒரு வயலோ வாய்க்காலோ. இரு பக்கத்து இளைஞர்களும் பேசிப் பழக இரண்டு வழிகள் சொல்வார்கள்: உட்காரவைத்துப் பேசவைப்பது, சேர்ந்து விளையாட விடுவது.

முதல் வகைக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருக்கிறேன். வட்டமாகப் போட்ட நாற்காலிகள் அரை மணி நேரத்தில் இரண்டு வரிசையாகிவிட்டன. "எங்கள் ஊரில் சாதியெல்லாம் இல்லை" என்றான் ஒருவன். எதிரே இருந்தவன் தேநீர் டம்ளரைப் பார்த்தபடியே கேட்டான்: "சுடுகாடு மட்டும் ஏன் இரண்டு?" அதன்பிறகுதான் பேச்சே தொடங்கியது.

கிரிக்கெட் சுலபம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பந்து தொலைந்தால் எல்லோரும் சேர்ந்துதான் தேடுவார்கள். தோளில் கை, ஒரே பாட்டிலில் தண்ணீர். (பெண்பிள்ளைகளை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை, அது தனிக் கதை.) ஆனால் சுடுகாட்டுக் கேள்வி அங்கே எழவே எழாது. தேர்த் திருவிழா வந்தால் அவரவர் தெருவுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

1997-98இல் வந்த சமத்துவபுரம் திட்டம் எல்லாச் சாதியினருக்கும் நூறு நூறு வீடுகளாகக் கலந்தே கொடுத்தது. அது அரசின் கையில். நம் கையில் இருப்பது இவை இரண்டுதான் என்றால், நான் கூட்டத்தின் பக்கம். ஆட்டம் முடிந்த பிறகு, மைக் இல்லாமல், பத்துப் பேருக்கு மேல் போகாமல்.