ஏப்ரில் ஃபேட்ஃபேஸா, பிளேஃபேர் டிஸ்பிளேயா?

"எழுத்து குண்டா, பழங்காலத்து மாதிரி இருக்கோணும்ங்க" என்று கேட்டு வருபவருக்கு முதலில் காட்ட வேண்டிய ஆங்கில எழுத்துரு (ஃபான்ட்) ஏப்ரில் ஃபேட்ஃபேஸ். 19ஆம் நூற்றாண்டு விளம்பரச் சுவரொட்டி எழுத்தின் வாரிசு. நெட்டுக்கோடு தடித்தும் குறுக்குக்கோடு மயிரிழையாகவும் இருக்கும். கடைப் போர்டில் இரண்டடி உயரத்துக்கு வைத்தால் கம்பீரம்தான்.

வம்பு திருப்பூர் பனியனிலும் மஞ்சப்பையிலும் வரும். 43டி மெஷ்ஷில் (சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள ஸ்கிரீன் பிரின்ட் வலை) அடிக்கும்போது 0.35 மி.மீ.க்குக் குறைந்த கோடு துணியில் ஒழுங்காக இறங்காது. 'e' குறுக்குக்கோடு அறுந்து 'c' ஆகிவிடும். கருப்புத் துணியில் சுற்றிலும் மை அடித்து எழுத்தை மட்டும் வெற்றாக விட்டால் இன்னும் மோசம், மை பரவி மயிரிழையை மூடிவிடும். அதே நிறத்தில் 0.2 மி.மீ. அவுட்லைன் கொடுத்தால் கோடு தேறும், ஆனால் 'a', 'e' கண்கள் (உள்ளே இருக்கும் வெற்றிடம்) சுருங்கும். ஏப்ரிலில் மெலிது, தடிது என்று வகைகள் இல்லை, ஒன்றே ஒன்றுதான். மாற்றிப் பார்க்க வழியில்லை.

இன்னொரு எழுத்துருவான பிளேஃபேர் டிஸ்பிளேயில் தடிமன் 400 (சாதாரணம்) முதல் 900 (மிகத் தடிப்பு) வரை உண்டு, சாய்வெழுத்தும் உண்டு. அழைப்பிதழுக்கு இதுவே என் தேர்வு. ஒரு கண்ணி: எண்கள் இயல்பாகவே மேலும் கீழுமாக ஏறி இறங்கும். '1985' என்று போட்டால் 9 கீழே தொங்கும், கைபேசி எண் கோணலாகத் தெரியும். வடிவமைப்பு மென்பொருளின் ஓப்பன்டைப் (எழுத்துரு வசதிகள்) அமைப்பில் லைனிங் எண்களுக்கு, அதாவது ஒரே உயரத்தில் நிற்கும் எண்களுக்கு, மாற்றுங்கள்.

இரண்டிலும் தமிழ் எழுத்து கிடையாது. பக்கத்தில் தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவின் பிளாக் (மிகத் தடித்த) வகை ஒட்டும். ஏப்ரில், பிளேஃபேர் இரண்டும் இலவச உரிமம்தான்.