அம்மாவை மட்டும் உள்ளே விடுங்கள்

இந்த முறை செங்கோட்டைக்குப் போய் வந்ததில் நான் எழுத வேண்டியது ஒரு கதவைப் பற்றித்தான். வங்கி வேலை, ஆதார் திருத்தம், வீட்டு வரி எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பின்னிரவிலேயே எழுந்து வாசல் தெளித்துவிட்டு, விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அண்ணன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்றால் முதல் ஆளாகக் கிளம்புகிறவர், இந்த வருடம் அருவிப் பக்கமே போகவில்லை. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று. "யாரிடமாவது மனம்விட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்" என்று அம்மாவே ஒருநாள் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது எனக்குப் பெரிய விஷயம்.

பக்கத்து ஊரில் ஒரு மருத்துவமனையில் கவுன்சலிங் இருப்பதாக விசாரித்துப் போனோம். அன்றைக்கே டோக்கன் கிடைத்தது. நான் வசிப்பது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில். அங்கே அரசு மருத்துவச் சேவையின் பேச்சுச் சிகிச்சைக்கு டாக்டர் கடிதம் இல்லாமல் நாமே பதிந்துகொள்ளலாம். ஆனால் கூப்பிட வாரக்கணக்கில் ஆகும், சில இடங்களில் மாதங்களும் ஆகும். போன உடனே டோக்கன் என்றதும் நம் ஊர் எவ்வளவோ மேல் என்று மனதுக்குள் மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சி காத்திருப்புக் கூடத்திலேயே போய்விட்டது. அட்டெண்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, கூடம் முழுவதும் கேட்கும்படி, "அண்ணாச்சி, தூக்கம் வராத கேஸ் நீங்கள்தானே? ஆச்சியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வாருங்கள்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் பூ விற்கும் அக்காவும் அங்கே இருந்தார். அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

உள்ளே அண்ணன், மதினி, சித்தி, நான் எல்லோரும் போனோம். வெளியே இருங்கள் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கதவு பாதி திறந்தே கிடந்தது. அடுத்த டோக்கன்காரர் கையில் பைலோடு நிலைப்படியில் சாய்ந்து நின்றார். ஆலோசகர் அண்ணனைப் பார்த்து, "அம்மாவுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார். அண்ணன் சொல்ல, மதினி திருத்த, சித்தி நடுவில் புகுந்து அப்பாவின் கடைசி நாட்களைச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார். கதவோரம் நின்றவரும் உச்சுக் கொட்டினார். கடைசியில்தான் அம்மாவின் முறை வந்தது. "எனக்கு ஒன்றுமில்லை ஐயா. வயதானால் தூக்கம் குறையும்தானே" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். தியானம் செய்யச் சொல்லி, பேரப்பிள்ளைகளோடு இருக்கச் சொல்லிப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வாழ்நாளில் முதல்முறையாகத் தன் மனதைச் சொல்ல வந்த பெண்மணி அவர். மருமகள் காதில் விழக்கூடாதது அவருக்கு இருக்காதா? தங்கையிடம் சொல்லக் கூசுவது இருக்காதா? காய்ச்சலுக்கும் ஆபரேஷனுக்கும் குடும்பமே கூடப் போவது நம் ஊரின் அன்பு. எனக்கு டைபாய்டு வந்தபோது தெருவே ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. லீட்ஸில் காய்ச்சலாகக் கிடந்தபோதெல்லாம் அந்தக் கூட்டத்துக்காக ஏங்கியிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு அறைக்குள் அந்த அன்பு வரக்கூடாது.

அப்பா இறந்த வருடம் நானும் லீட்ஸில் இந்தப் பேச்சுச் சிகிச்சைக்குப் போனேன். முதல் சந்திப்பில் கதவைச் சாத்திவிட்டு அவர்கள் முதலில் பேசியதே ரகசியம் பற்றித்தான். நான் சொல்வது யாருக்கும் போகாது, என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் பிறரிடம் பேச வேண்டியிருக்கும் என்றார்கள். அது வெள்ளைக்காரன் ஊர் வழக்கம் என்று அண்ணன் சொல்கிறான். இல்லை. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், சிகிச்சை பெறுகிறவரின் ரகசியம் காக்கப்படுவதை உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, கதவும் இருக்கிறது. சாத்துவதற்குத்தான் ஆள் இல்லை.

அதன்பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. வழி காட்டியது கேரளத்துப் புனலூரில் இருக்கும் அம்மாவின் மாமா மகள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். எங்களுக்குப் பாதி உறவு மலைக்கு அந்தப் பக்கம்தான். அம்மாவுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அங்கே பேச்சு வழியே சிகிச்சை தரும் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் நேரம் வாங்கினோம். ஆரியங்காவு, தென்மலை வழியாக ரயில். பதின்மூன்று கண் பாலத்தைக்கூட அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த அம்மையார் வாசலிலேயே எங்களை நிறுத்தினார். "நீங்கள் எல்லோரும் வெளியே இருங்கள். அம்மா விரும்பினால் கடைசியில் கூப்பிடுகிறேன்" என்று பாலக்காட்டுத் தமிழில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். மதினிக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு தூரம் கூட வந்தவர்களை வெளியே நிற்க வைப்பதா என்றார். ஐம்பது நிமிடம் அந்தக் கதவு திறக்கவில்லை. அம்மா எங்களைக் கூப்பிடவும் இல்லை. வெளியே வந்து, "அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, டீ வேண்டும் என்று கேட்டார். அவராகவே எதையும் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

திரும்பும் ரயிலில் அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. "கேள்வியாகக் கேட்டாரே தவிர, ஒரு யோசனையும் சொல்லவில்லையே" என்றார். முதல் சந்திப்பு பெரும்பாலும் அப்படித்தான் போகும். தூக்கம், பசி, பழைய நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், வீட்டில் யார் யார், உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதுண்டா என்பதுவரை கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பதற வேண்டாம், அது எல்லோரிடமும் கேட்பது. எது மாறினால் நன்றாக இருக்கும் என்று நம்மையே சொல்லச் சொல்வார்கள். அன்று இரவு மனம் இன்னும் கனத்துப் போகலாம். அம்மா அன்றும் தூங்கவில்லை. சில வாரங்கள் போன பிறகும் அவரோடு ஒட்டவில்லை என்றால் சொல்லிவிட்டு வேறொருவரிடம் போகலாம். நல்ல உளவியலாளர் அதற்காக வருத்தப்பட மாட்டார்.

போகும் முன் யாரிடம் போகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை எழுதித் தருகிறவர் மனநல மருத்துவர், அவர் எம்.பி.பி.எஸ். படித்தவர். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழு (ஆர்.சி.ஐ.) என்ற அரசு அமைப்பில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். கவுன்சலர் என்ற பெயரைப் பல விதப் படிப்புப் படித்தவர்களும் வைத்துக்கொள்கிறார்கள். வாழ்க்கைப் பயிற்சியாளர்களின் பலகைகளும் இப்போது எங்கள் பக்கம் நிறைய முளைத்திருக்கின்றன. வேலை மாறுவதற்கோ தொழில் தொடங்குவதற்கோ அவர்கள் உதவலாம். தூக்கமும் பசியும் போன மனிதரை அவர்களிடம் அனுப்ப நான் ஒப்பமாட்டேன்.

பணமோ பயணமோ முடியாதவர்களுக்கு 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை அது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அம்மாவின் தோழி ஒருவருக்கு அந்த எண்ணைக் கொடுத்தேன், பொறுமையாகக் கேட்டார்கள் என்றார்.

நான் லீட்ஸ் திரும்பிய பிறகும் அம்மா புனலூர் போய்க்கொண்டிருக்கிறார். முடியாத வாரங்களில் போனில் பேசுகிறார், அண்ணன் கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. தூக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் போதவில்லை. ஒரு மனநல மருத்துவரையும் பார்த்துவிடலாம் என்று உளவியலாளர் சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த மாதம் தென்காசியில் நேரம் கிடைத்திருக்கிறது. அண்ணன் மட்டும் துணைக்குப் போகிறான். மதினியும் சித்தியும் வீட்டிலேயே இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.