10000 எம்ஏஹெச் பவர்பேங்க் – நிஜமா எத்தனை தடவை சார்ஜ் ஏறும்?

ரெண்டு வருஷத்துக்கு மேல இந்த 10000 எம்ஏஹெச் பவர்பேங்க்தான் யூஸ் பண்றேன், நைட் ட்ரெயின், கரண்ட் கட்டு எல்லாத்துக்கும் இதான் துணை. கடைல பொதுவா என்ன சொல்வாங்கன்னா போன் பேட்டரி 5000, அப்ப ரெண்டு ஃபுல் சார்ஜ் வரும்னு. வராதுங்க. புதுசுலயே எனக்கு ஒன்றரை தடவைக்கு மேல ஏறல, அது பீஸ் கோளாறும் இல்ல.

விஷயம் என்னன்னா அந்த 10000ங்கறது உள்ள இருக்கற செல்லோட 3.7 வோல்ட்ல சொல்ற கணக்கு, யூஎஸ்பி வழியா வெளிய வர்றது 5 வோல்ட். 3.7ஐ 10 ஆம்பியர் ஹவரால (10000 எம்ஏஹெச்ங்கறது அதுதான்) பெருக்குனா 37 வாட் ஹவர், அதாவது உள்ள இருக்கற மொத்த எனர்ஜி, அதை 5ஆல வகுத்தா 7.4 ஆம்பியர் ஹவர், அதாவது 7400 எம்ஏஹெச்தான் வருது, அதுலயும் வோல்டேஜ ஏத்தற சர்க்யூட் சூடாகி கொஞ்சம் தின்னுடும், கேபிள் கொஞ்சம், போன் சார்ஜ் ஆகும்போது அதுவும் கொஞ்சம். பின்பக்கம் பொடி எழுத்துல ரேட்டட் கெப்பாசிட்டின்னு இன்னொரு நம்பர் இருக்கும் பாருங்க, பெரும்பாலும் 6000 பக்கம் இருக்கும், அதான் உண்மையான நம்பர். என் போன் பேட்டரி 19 வாட் ஹவர் சொச்சம், அதனால ஒன்றரை தடவைங்கறது சரியாத்தான் இருக்கு.

ட்ரெயின்ல இதுவும் குறையும். விழுப்புரம் தாண்டி டவர் வந்து வந்து போற இடத்துல போன் சிக்னலுக்காக கூடுதல் பவர் போட்டு தேடிட்டே இருக்கும், ஹாட்ஸ்பாட் வேற ஆன்ல இருந்தா கேக்கவே வேணாம், ஏறுற சார்ஜ் அப்படியே போயிடும், பர்சன்டேஜ் நகரவே நகராது. ஏரோப்ளேன் மோட்ல போட்டு சார்ஜ் பண்ணிப் பாருங்க, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இப்ப ஒண்ணேகால் தடவைதான் வருது. லித்தியம் பேட்டரி பழசாக ஆக குறையறது இயல்புதான், ஆனா சூடுதான் அதுக்குப் பெரிய எதிரி, வெயில்ல நிக்கற கார்லயும் தலகாணிக்கு அடியிலயும் தயவுசெஞ்சு வைக்காதீங்க, சேஃப்டிக்கும் அது ஆகாது.

ரெண்டு போன் வச்சிருந்தா 20000 வாங்குங்க. அது 74 வாட் ஹவர், ஃப்ளைட்ல 100 வரைக்கும் அனுமதி உண்டு, ஆனா கைப்பையிலதான் வைக்கணும், செக்இன் லக்கேஜ்ல போடக்கூடாது. பழைய 10 வாட் சார்ஜர்ல போட்டா அது நிறையவே ராத்திரி பூரா ஆகும், 18 வாட்டாவது இருக்கற சார்ஜரா பாத்துக்கங்க. வாட் ஹவரும் ரேட்டட் கெப்பாசிட்டியும் போடாத பீஸ் எவ்வளவு சீப்பா கெடச்சாலும் வேணாம்.