கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமரும் ஈசி ஃபர்ம்வேரும்: டர்பன் புழுக்கத்தில் நீண்ட நாள் பயன்பாடு

லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் பயாஸ் மென்பொருள் கெட்டால் விளக்காவது எரியும், விசிறியாவது சுற்றும். பவர் பட்டன், கீபோர்டு, சார்ஜ் ஆகியவற்றைக் கவனிக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சிப், அதாவது ஈசி, கெட்டால் பவர் பட்டனை அழுத்துவதும் கல்லை அழுத்துவதும் ஒன்றுதான். ஹெச்பியின் விண்டோஸ்+பி, டெல்லின் கன்ட்ரோல்+எஸ்கேப் போன்ற மீட்பு விசைகள் பயாஸுக்குத்தான். ஈசி போய்விட்டால் அவற்றால் பயனில்லை, ஏனென்றால் கீபோர்டைப் படிப்பதே ஈசி. எனவே வெளியிலிருந்து எழுதும் கருவியும் அந்த மெஷினின் சொந்த பேக்கப்பும் கையில் இல்லாமல் ஈசி அப்டேட்டில் இறங்கவே கூடாது.

கருவி என்று வந்தால் யூஎஸ்பியில் மாட்டிச் சிப்பில் எழுதும் மலிவான கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமர் போதும். ஆனால் வாங்கியபடியே மாட்டாதீர்கள். ஃபர்ம்வேர் (உள் நிரல்) இருக்கும் ஃப்ளாஷ் சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்தான், டேட்டா கால்களில் மட்டும் 5 வோல்ட் வரும். மல்டிமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். சிஎச்341ஏவின் 28ஆம் காலைத் தூக்கி, அதற்கும் 9ஆம் காலுக்கும் ரெகுலேட்டரின் 3.3 வோல்ட்டைக் கொடுத்தால் சரியாகும். ஃப்ளாஷ் சிப்பின் மேல் எழுத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். 25க்யூ64எஃப்வி 3.3 வோல்ட், 25க்யூ64எஃப்டபிள்யூ 1.8 வோல்ட். பின்னதற்கு 1.8 வோல்ட் அடாப்டர் இல்லாமல் கை வைத்தால் சிப் போய்விடும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அதிகம் தொல்லை தருவது, சிப்பின் கால்களைக் கவ்விப் புரோகிராமரோடு இணைக்கும் கிளிப். கடற்காற்றும் புழுக்கமும் அதன் பற்களைக் கறுக்க வைத்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கிளிப்பின் பற்களையும் சிப்பின் கால்களையும் துடையுங்கள். மலிவு கிளிப்புகள் சில மாதத்தில் தளர்ந்து வழுக்குகின்றன. பொமோனா 5250 விலை அதிகம், ஆனால் பிடித்தால் விடாது. சிவப்பு வயர் சிப்பில் புள்ளி இருக்கும் முதல் காலுக்கு. பேட்டரி, அடாப்டர், காயின் செல் மூன்றையும் கழற்றிவிட்டே மாட்ட வேண்டும்.

ஃப்ளாஷ்ராம் என்ற மென்பொருளில் மூன்று முறை படித்து, மூன்று கோப்புகளின் ஷா256 (கோப்பின் சரிபார்ப்புக் குறியீடு) ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். 64 மெகாபிட் சிப்பென்றால் அளவு சரியாக 8388608 பைட். கோப்பு முழுக்க எஃப்எஃப் (வெறுமையான பைட்) வந்தால் கிளிப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறுவேறாக வந்தால் தொடர்பு தளர்ந்திருக்கிறது, அல்லது கிளிப் வழியாகப் போகும் மின்சாரம் போர்டையே பாதி எழுப்பிவிடுகிறது. அப்போது சிப்பைக் கழற்றித்தான் படிக்க வேண்டும். வேறு மெஷினிலிருந்து படித்த கோப்பு ஈடாகாது. சீரியல் எண்ணும் விண்டோஸ் கீயும் பெரும்பாலும் இதே சிப்பில்தான் இருக்கும்.

இன்னொன்று. ஈசியின் நிரல் சில போர்டுகளில் பயாஸ் சிப்பிலேயே இருக்கும், சிலவற்றில் பக்கத்தில் தனிச் சின்னச் சிப். ஐடிஇ 8987 போன்ற ஈசி சிப்களில் ஈசிக்கு உள்ளேயே. அதற்கு இந்தக் கிளிப் உதவாது, கீபோர்டு கனெக்டர் வழியாக எழுதும் ஆர்டி809ஹெச் மாதிரிக் கருவி தேவை. பயாஸ் சிப்பை மட்டும் படித்துவிட்டு முழு பேக்கப் இருப்பதாக நம்புவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு.

அப்டேட் நேரத்தில் அடாப்டரும் வேண்டும், நல்ல பேட்டரியும் வேண்டும். 2024 மார்ச் கடைசியிலிருந்து லோட் ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) பெரிதும் ஓய்ந்தாலும், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கரண்ட் திடீரென்று போவது நின்றுவிடவில்லை. தேய்ந்த பேட்டரி 80 சதவீதம் காட்டிவிட்டு ஒரே நொடியில் விழுந்துவிடும். விண்டோஸின் பேட்டரி அறிக்கையில் முழுக் கொள்ளளவை முதலில் பாருங்கள். எழுதும்போது கீபோர்டு அடங்கிப்போகும், சில மெஷின்களில் விசிறி உச்சத்தில் சுழலும். பயந்து பவர் பட்டனைத் தொடாதீர்கள். வெளியீட்டுக் குறிப்பில் உங்கள் கோளாறு இல்லையென்றால் அப்டேட்டே வேண்டாம். பல மாடல்களில் பழைய ஈசிக்குத் திரும்ப வழியில்லை.

மீட்கும்போது பேக்கப்பை எழுதி, சரிபார்ப்பு முடிந்ததும் கிளிப்பைக் கழற்றி, மின்சாரம் எதுவும் இல்லாமல் பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் செருகுங்கள். சார்ஜ் விளக்கு இருக்கும் மாடலில் அது எரிந்தால் ஈசி எழுந்துவிட்டது. பேட்டரியை அதன் பிறகு மாட்டலாம்.